கேமில் ராஜதந்திரி, வீட்டில் கடன்காரன்

மொத்தம் 1,74,600 ரூபாய். பதினொரு மாதத்தில் போனது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். நூல் விலை கிலோவுக்கு ரெண்டு ரூபாய் ஏறினால் முதலாளிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நான், என் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டைப் பதினொரு மாதமாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தது என் மனைவி. 2021 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, கேம் என்று வந்த ஒவ்வொரு வரியிலும் மஞ்சள் கோடு போட்டு, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாள்களில் வெள்ளையைவிட மஞ்சள்தான் அதிகம் இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் ஆபீஸில் மெர்ச்சண்டைசிங்கில் இருக்கும் ஒரு பையன். போன மாதம் டீ குடிக்க மொட்டை மாடிக்குப் போனபோது, “அண்ணா, எங்க அலையன்ஸ்ல என்னை ஆர்-ஃபோர் ஆக்கிட்டாங்க” என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு அந்த முகம் தெரியும். 2020 ஜூலையில் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அவனிடம் டீ ஆறுவதற்குள் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். போனில் ஆடும் ஒரு போர் கேம். பெயர் வேண்டாம். இந்த வகையில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். ஒரு கோட்டை, நாலு வயல், கொஞ்சம் படை, பக்கத்தில் ஆயிரக்கணக்கான பேரின் கோட்டைகள்.

2020 மார்ச் 25 ஊரடங்கில் கம்பெனி மூடியதும் மச்சான்தான் லிங்க் அனுப்பினார். “சும்மா நேரம் போகும் மாப்ள.” இரண்டு வாரத்தில் அவர் விட்டுவிட்டார், நான் விடவில்லை. தனியாக விளையாடியிருந்தால் நானும் விட்டிருப்பேன். என்னைப் பிடித்து வைத்தது கோட்டையோ படையோ இல்லை, அலையன்ஸ். நூறு பேர் கொண்ட ஒரு கூட்டம். ஆர்-ஒன் முதல் ஆர்-ஃபைவ் வரை பதவிகள். ஆர்-ஃபைவ் ஒரே ஒருவர், தலைவர். அவருக்குக் கீழே ஏழெட்டு ஆர்-ஃபோர். எங்கள் தலைவர் ஜெர்மனியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மற்றவர்கள் பிரேசில், துருக்கி, வியட்நாம், இந்தோனேசியா என்று பல ஊர். அவரவர் மொழியில் எழுதினால் கேமே மொழிபெயர்த்துக் காட்டும். அது காட்டும் தமிழைப் படித்துச் சிரிப்பதே ஒரு பொழுதுபோக்கு. எனக்குச் சுமாராக ஆங்கிலம் வரும், பொறுமையாகப் பேசுவேன் என்று மூன்றாவது மாதம் என்னை ஆர்-ஃபோர் ஆக்கி, மற்ற அலையன்ஸ்களோடு பேச்சுவார்த்தை நடத்தும் வேலையைக் கொடுத்தார்கள். டிப்ளமேட். தூதுவர் என்றும் சொல்லலாம். ராஜதந்திரி என்று நானே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு அரசியல் புதிதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். காங்கேயம் பக்கம் எங்கள் கிராமத்தில் பெரியப்பா இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். திண்ணையில் நடந்த பேரங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அவர் மறுபடி நின்று 23 ஓட்டில் தோற்றார். ஜனவரி 2 அன்று எண்ணி முடித்தார்கள். மறுநாள் காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு ஜெயித்தவர் வீட்டுக்குக் கிளம்பினார். எனக்குக் கோபம். “எதுக்குப் பெரியப்பா?” என்றேன். “அவன் ஊட்டு முன்னால போற வண்டித்தடத்துலதான்டா நம்ம தோட்டத்துக்குப் போகோணும்” என்றார். அன்று அது எனக்குத் தோற்றவரின் சமாளிப்பாகத்தான் பட்டது. இந்த ஒரு வரி எனக்குப் புரிய ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் ஆனது.

கேமில் அரசியல் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சர்வரில், அதாவது நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆடும் களத்தில், முதல் ஐந்து அலையன்ஸ்கள் ஒன்றையொன்று தாக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தோம். நாப் என்போம். அதை மீறினால் என்ன தண்டனை, எந்த வயல் யாருக்கு, யாராவது தெரியாமல் அடித்துவிட்டால் எவ்வளவு கோதுமை, மரம் நஷ்டஈடு என்று பதினாலு விதிகள். அதை எழுதியவன் நான். ஆறு நாள், ஐந்து தலைவர்கள், நாலு நேர மண்டலம். பிரேசில்காரர் வேலை முடிந்து வரும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். வீட்டில் விளக்கு தெரியக் கூடாது என்று பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஐந்தாவது தலைவர் சம்மதம் சொன்ன அன்று விடிகாலை நாலு மணிக்கு எனக்கு வந்த சந்தோஷம், பி.காம். பாஸ் ஆனபோதுகூட வரவில்லை. அந்தச் சந்தோஷம் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தப் பதினாலு விதிகளும் ஒரு சாட் பெட்டியில் ஒட்டிய எழுத்து. கேமைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை. அங்கே சட்டம் என்றால் பட்டன்தான். அடிக்கிற பட்டன் வேலை செய்தால் அடிக்கலாம், அவ்வளவுதான். மீறினால் போக ஒரு கோர்ட் கிடையாது. இன்னொரு படையைத்தான் அனுப்ப வேண்டும்.

இதே சமயத்தில்தான் நிஜ அரசியல் கேமுக்குள் வந்தது. கல்வான் மோதலுக்குப் பிறகு ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் கிளாஷ் ஆஃப் கிங்ஸ் என்ற போர் கேமும் இருந்தது. செப்டம்பர் 2 அன்று இன்னும் 118. பப்ஜியோடு ரைஸ் ஆஃப் கிங்டம்ஸும் போயிற்று. வருஷக்கணக்கில் கோட்டை கட்டியவர்கள், ராஜா பட்டம் வாங்கியவர்கள், எல்லோரும் ஒரே அறிவிப்பில் காலி. நான் ஆடிக்கொண்டிருந்தது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் வீடிழந்தவர்கள் மாதிரி ஆட்கள் எங்கள் சர்வருக்கு வந்தார்கள். நாற்பது பேரைச் சேர்த்து ஒரு இந்தியக் கிளை அலையன்ஸ் ஆரம்பித்து, அதற்கும் நானே பொறுப்பு ஏற்றேன். அவர்களில் ஒருவர், மதுரைக்காரர், மூன்று வருஷமும் நாலு லட்சமும் போச்சு என்று சொன்னார். அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேமுக்குள் எவ்வளவு பெரிய ராஜாவாக இருந்தாலும், அந்த மண் நம்முடையது இல்லை. சர்வரை மூடவோ, விதியை மாற்றவோ, பிளே ஸ்டோரிலிருந்து தூக்கவோ நம்மை யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு உறைக்கவில்லை. நாற்பது பேர் கிடைத்த சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

பணம் எப்படிப் போயிற்று? ஆரம்பம் 89 ரூபாய் பேக், கேமுக்குள் விற்கும் பொருள் கட்டு. பொரி கடலை காசு. அப்புறம் 449, அப்புறம் 899. ஆர்-ஃபோர் ஆனதும் “தூதுவரின் படையே இவ்வளவு சின்னதா” என்று எதிர்த்தரப்பு ஒருவர் கேலி செய்ய, அன்று இரவே 4,499. டிசம்பரில் ஒரே நாளில் 8,900 வீதம் இரண்டு பேக். வாங்கும்போது அது ரூபாயாகவே தெரியாது. வைரமாக, வேலையைச் சீக்கிரம் முடிக்கும் ஸ்பீட்-அப்பாக மாறிவிடும். ஒரு வைரம் எத்தனை பைசா என்று நான், கணக்குப்பிள்ளை, ஒரு நாளும் வகுத்துப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் ஒரு நடைமுறை விஷயம்: கார்டையோ யுபிஐயையோ பிளே ஸ்டோரில் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்கில் வையுங்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று பட்ஜெட் வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்டு கூகுளிடமே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்கலாம். இது எனக்குத் தெரிந்தபோது என் 48 மணி நேரங்கள் எல்லாம் எப்போதோ முடிந்திருந்தன.

பணம் நிஜ அரசியலில் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லாமலா! பெரியப்பாவே அந்தத் தேர்தலில் எவ்வளவு செலவு செய்தார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்: “வாங்குனவன்ல பாதிப்பேரு எனக்குப் போடல. எவன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல.” அந்த ‘தெரியல’ இருக்கிறதே, அதுதான் ரகசிய வாக்கெடுப்பு. எவ்வளவு கொட்டினாலும் கடைசியில் ஒரு அட்டை மறைப்புக்குப் பின்னால் ஒரு ஆள் தனியாக நின்று தன் இஷ்டத்துக்குக் குத்திவிட்டு வருவார். அவருக்கும் ஒரு ஓட்டு, கோடீஸ்வரனுக்கும் ஒரு ஓட்டு. கேமில் பணத்துக்கும் பலத்துக்கும் நடுவில் அந்த மறைப்பு இல்லை. எங்கள் சர்வரில் ஒரு திமிங்கலம் இருந்தார். அதிகம் செலவழிப்பவரை ஆங்கிலத்தில் வேல் (whale, திமிங்கலம்) என்றுதான் எங்கும் சொல்வார்கள். அவர் ஒருவர் அனுப்பும் ரேலியை, அதாவது படையெடுப்பை, எங்கள் நாற்பது பேரும் சேர்ந்து தடுக்க முடியாது. ராஜா யார் என்று ஓட்டெடுப்பு நடந்ததில்லை. ராஜா யார் என்று அவருடைய வங்கிக்குத் தெரியும். அவரை எதிர்த்துப் பேசினால் கோட்டை எரியும். அதனால் எல்லோரும் அவரை ‘சார்’ என்றோம். இதில் என்ன ராஜதந்திரம் என்று இப்போது தோன்றுகிறது. பண்ணையாரிடம் கை கட்டி நின்று பேசியதை நான் பேச்சுவார்த்தை என்று நினைத்திருக்கிறேன்.

நாப் ஒப்பந்தம் ஐந்து மாதம் தாக்குப் பிடித்தது. அது உடைந்ததற்கு ஒரு துரோகியோ ஒரு சண்டையோ காரணம் இல்லை, சலிப்புதான் காரணம். அமைதியாக இருந்தால் கேமில் செய்ய ஒன்றும் இல்லை. ஆட்கள் லாகின் ஆவதை நிறுத்தினார்கள். வாரா வாரம் வரும் ஈவெண்ட் பட்டியலைப் பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் படையைக் கொல்வதற்குத்தான். சமாதானத்துக்குப் பூஜ்யம். போர் நடந்தால்தான் பேக் விற்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நிஜத்தில் ஒரு ஊரில் அஞ்சு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை, தண்ணீர் வந்தது, தெருவிளக்கு எரிந்தது என்றால் அது நல்ல தலைவருக்கு அடையாளம். கேமில் அப்படி ஒரு தலைவர் இருந்தால் அலையன்ஸ் காலியாகிவிடும். அங்கே குடிமக்கள் என்று யாரும் கிடையாதல்லவா. வயதான பாட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, ரேஷன் கடை வரிசை, எதுவும் இல்லை. நூறு பேரும் சிப்பாய். சிப்பாய்கள் மட்டுமே இருக்கிற ஊருக்குச் சமாதானம் எதற்கு?

எங்கள் ஜெர்மன் தலைவர் பழைய ஆட்டக்காரர். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமின் கதைகளை அவர் சொல்வார். ஐஸ்லாந்து கம்பெனி ஒன்று 2003-ல் தொடங்கியது. சீனாவைத் தவிர உலகம் முழுக்க எல்லோரும் ஒரே சர்வரில் ஆடுவது அதன் விசேஷம். அதில் 2014 ஜனவரியில் ஒரு பெரும் போர். ஒரு மண்டலத்தின் உரிமைக்கான தவணை சரியாகக் கட்டப்படாமல் போனதில் தொடங்கி, 21 மணி நேரம் நடந்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டு, டைட்டன் என்னும் ராட்சசக் கப்பல்கள் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் மூன்று லட்சம் டாலர் அளவு என்று மதிப்பிட்டார்கள். “ஒரு பில் கட்ட மறந்ததால்” என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்ன இன்னொரு கதையை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. 2009-ல் அதே கேமில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மிகப் பெரிய அலையன்ஸ் ஒரே நாளில் இல்லாமல் போனது. போரில் தோற்று இல்லை. உள்ளே பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரணிக்குத் தாவி, கலைக்கும் பட்டனை அழுத்திவிட்டார். அவ்வளவுதான். அந்தக் கதையைச் சொன்னவரே பிறகு என்ன செய்தார் பாருங்கள்.

2021 மார்ச் முதல் வாரம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். பத்து நாள் வர முடியாது. ஆர்-ஃபைவ் பதவியை, நம்பிக்கையான ஒருவர் என்று, பிரேசில் நண்பருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும்தான் சரி என்றேன். எங்களுக்குள் இரவுக் காவல் என்று ஒன்று உண்டு. நாம் தூங்கும்போது பிரேசில்காரர் விழித்திருப்பார், அவர் தூங்கும்போது நாம். எட்டு மாதம் எங்கள் கோட்டைகளைக் காத்தவர் அவர். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன அன்று ராத்திரி முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருந்தவர்.

நாலாவது நாள் ராத்திரி 2.40. பிரேசிலில் சாயங்காலம். போன் அதிர்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. திறந்தால் என் பெயருக்கு முன்னால் இருக்கும் நாலெழுத்து அலையன்ஸ் குறி இல்லை. நூறு பேரின் பெயரும் மொட்டையாக நின்றது. பிரேசில்காரர் அலையன்ஸைக் கலைத்துவிட்டார். கிடங்கு, கோபுரங்கள், பதினோரு மாதம் பிடித்த நிலம், ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் திமிங்கலத்தின் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். எங்கள் யாருக்கும் ஷீல்டு, அதாவது யாரும் தாக்க முடியாதபடி கோட்டையைக் காக்கும் கவசம், இல்லை. எப்போது யாருடைய ஷீல்டு முடியும் என்ற பட்டியலைத் தயாரித்தவன் நான், அது அவரிடமும் இருந்தது. விடிவதற்குள் என் படை பூஜ்யம். ஜீரோ பண்ணிவிட்டார்கள் என்போம். நான் அழுதேன் என்று எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அதே பக்கெட் மேல் உட்கார்ந்துதான். அடுத்த இரண்டு நாளில் பழி வாங்குகிறேன் என்று 23,000 ரூபாய்க்குப் படை வாங்கினேன். அதுவும் எரிந்தது. அந்த 23,000-தான் வங்கியிலிருந்து வீட்டு போனுக்கு எஸ்எம்எஸ் ஆகப் போய், மஞ்சள் கோடு போட்ட தாள்களாக என் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நிஜ அரசியலிலும் கட்சித் தாவல் உண்டு, காலை வாருவது உண்டு. ஆனால் ஒரு ஆள் ஒரு கட்சியை ராத்திரி 2.40-க்கு அழித்துவிட முடியாது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடங்கி, 1989 தேர்தலில் ஒரு அணி சேவலிலும் இன்னொரு அணி இரட்டைப் புறாவிலும் நின்றது. பிறகு இலை திரும்ப வந்தது. 2017-லும் சின்னம் முடக்கப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் ஒரு தரப்புக்குக் கிடைத்தது. தேர்தல் ஆணையம், கோர்ட், பொதுக்குழு, 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று எத்தனை முட்டுக்கட்டை. டிவியில் பார்க்கும்போது இழுத்தடிக்கிறார்களே என்று எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த இழுத்தடிப்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, இழுத்தடிக்கவே வழியில்லாத இடத்தில் எல்லாவற்றையும் இழந்த பிறகு தெரிந்தது. நீங்கள் ஆடியே தீருவேன் என்றால் இதைச் செய்யுங்கள்: ஆர்-ஃபைவ் பதவியை யாருக்கும் தற்காலிகமாகக்கூட மாற்றாதீர்கள். பத்து நாள் தலைவர் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. பாஸ்வேர்டைக் கொடுத்து “பார்த்துக்கோங்க” என்பதும் கூடாது. முக்கியமான பட்டியல்களை எல்லோருக்கும் காட்டாதீர்கள். ஷீல்டு போடாமல் தூங்காதீர்கள். அதைவிட, தாக்குதல் வருகிறது என்று தெரிந்தால் எரியட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்துத் தூங்குங்கள். எரிந்த படைக்காகக் காசு கட்டுவதுதான் உண்மையான நஷ்டம்.

கேமை நீக்கினேன். அதற்கு முன்னால் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். அக்கவுண்ட்டை விற்றாவது கொஞ்சம் பணம் எடுக்கலாம் என்று ஒரு குழுவில் போட்டேன். வாங்குகிறேன் என்றவர் நல்லவர் மாதிரிப் பேசி, மெயில் மாற்றியதும் காணாமல் போனார். அக்கவுண்ட் விற்பது விதிக்கே விரோதம் என்பதால் யாரிடமும் முறையிடவும் முடியாது. சரி, தொலைந்தது என்று விட்டேன். மூன்று வாரம் கை போன் தேடியது. ராத்திரி 2.40-க்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது. மனைவியிடம் பேச ஆரம்பிக்க அதைவிட அதிக நாள் ஆயிற்று. பணத்தைவிட, பாத்ரூமில் ஒளிந்து பேசினேன் என்பதுதான் அவளுக்குப் பெரிய விஷயம். வேறு என்னவோ என்று அவள் பயந்திருக்கிறாள். இந்தப் பக்கத்தைப் பலரும் நினைப்பதில்லை. எவ்வளவு போயிற்று என்று நீங்களே ஒரு தாளில் எழுதி, அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

கேமை விட்டேனே ஒழிய, கேம் புத்தி போகவில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் 24 வீடு. ஆகஸ்டில் சங்கத் தேர்தல். மூன்று வருஷமாகச் செயலாளராக இருந்தவர் எனக்கு நேர் எதிர் வீட்டுக்காரர், கொஞ்சம் அதிகாரமாகப் பேசுவார். நான் பழைய வேலையை ஆரம்பித்தேன். யார் யாருக்கு என்ன குறை என்று பட்டியல். பார்க்கிங் வேண்டும் என்றவருக்குப் பார்க்கிங், நாய் வளர்ப்பவருக்கு நாய்க்கு அனுமதி என்று வாக்குக் கொடுத்தேன். எதிர்த்தரப்பு வாட்ஸ்அப் குழுவில் இருந்த ஒரு தம்பியிடம் ஸ்கிரீன்ஷாட் வாங்கி, செயலாளர் மற்றவர்களைப் பற்றிச் சொன்னதைப் பொதுக் குழுவில் போட்டேன். 14-க்கு 10. ஜெயித்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், நாப் கையெழுத்தான நாள் மாதிரி.

அடுத்த மாதம் அந்தப் பத்து வீடும் மெயிண்டெனன்ஸ் கட்டவில்லை. வீட்டுக்கு 1,500, ஆக மாதம் 15,000 துண்டு. சண்டை போடவில்லை, திட்டவில்லை, சும்மா கட்டவில்லை. “கணக்குக் காட்டுங்க, பார்க்கலாம்.” இரண்டாவது மாதம் போர்வெல் மோட்டார் எரிந்தது. புது மோட்டாருக்கும் தூக்கி இறக்கும் கூலிக்கும் சேர்த்து 38,000. கையிருப்பில் 11,000. டேங்கர் லாரியும் வழக்கமாக வருகிறவர் வரவில்லை. அவர் எதிர் வீட்டுக்காரரின் சொந்தக்காரராம். மூன்று நாள் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். எனக்கு ஓட்டுப் போட்ட பதினாலு பேரும்தான். கேமாக இருந்தால் அந்தப் பத்துப் பேரையும் கிக் பண்ணியிருப்பேன், ரெண்டு செகண்ட் வேலை. இங்கே கிக் பட்டன் எங்கே இருக்கிறது? தோற்றவர் அதே மாடியில் இருக்கிறார், அதே லிஃப்ட்டில் வருகிறார். அவர் வீட்டுக் குழந்தையும் என் மகளும் ஒரே ஸ்கூல் வேன். அவரும் ஆட்டத்தை நீக்கிவிட்டு வேறு சர்வருக்குப் போக முடியாது, வீட்டுக் கடன் இன்னும் பதினாறு வருஷம் இருக்கிறது.

நாலாவது நாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். சால்வை எல்லாம் இல்லை, வெறும் கை. ஸ்கிரீன்ஷாட் போட்டது தப்பு என்று சொன்னேன். ரொம்ப நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது. “மோட்டார் எத்தனை எச்பி போடறீங்க?” என்று கேட்டார். நான் சொன்ன எண்ணைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஆழத்துக்கு அது இழுக்காதாம். மூன்று வருஷம் அந்த போர்வெல்லைப் பார்த்தவருக்குத்தானே தெரியும். அன்றே பத்து வீட்டுப் பாக்கியும் வந்தது. இன்றும் அவர் அதிகாரமாகத்தான் பேசுகிறார், எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பொருளாளராக அவரையே போட்டிருக்கிறோம்.

கேமில் நடந்தது எல்லாமே வெறும் வேஷம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஜெர்மன் பெரியவர் சொன்ன கதைகளில் ஒன்று அடிக்கடி நினைவுக்கு வரும். 2012 செப்டம்பரில் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டபோது இறந்தவர்களில் ஒருவர் ஷான் ஸ்மித். வெளியுறவுத் துறை ஊழியர். ஈவ் ஆன்லைனில் ஒரு பெரிய அலையன்ஸின் பெயர்பெற்ற தூதுவரும் அவரேதான். அந்தக் கேமில் அவரை எதிர்த்து ஆடியவர்களும் சேர்ந்து, தங்கள் விண்வெளி நிலையங்களுக்கு அவருடைய கேம் பெயரை வைத்தார்கள். கேமில் எத்தனை முறை கப்பல் வெடித்தாலும் மறுநாள் வேறு கப்பலில் வந்திருப்பார்.

போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள், பழைய மெசேஜ் செயலியில் பிரேசில்காரரிடமிருந்து ஒரு செய்தி. புது சர்வர் திறக்கிறார்களாம், வருகிறாயா என்று. கலைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அது ஆட்டத்தில் ஒரு காய் நகர்த்தல், முடிந்து போனது. கோபத்தில் நீளமாக ஒன்று எழுதி அழித்தேன். கீழே இன்னொரு வரி வந்திருந்தது: “உன் அப்பாவுக்குக் கண் இப்போது நன்றாகத் தெரிகிறதா?”

தெரிகிறது, பேப்பர் படிக்கிறார் என்று பதில் போட்டேன். சர்வர் பற்றி ஒன்றும் எழுதவில்லை.